இரண்டாவது கையெழுத்து

பதினொரு வசந்தம்
நான் எழுதியது ஒரே வரி:
‘கணக்குகள் பார்க்கப்பட்டன. பிழை ஏதும் காணப்படவில்லை.’
பார்க்கப்பட்டன.
யாரால் என்று அந்த வினைச்சொல் சொல்வதில்லை.

ரௌனோ ஹியெதலா கோப்பை என் பக்கம் நகர்த்துவான்,
பின்னாலேயே காப்பி, ஏலக்காய் ரொட்டி.
வெளியே போத்னியா வளைகுடாவில்
பனிக்கட்டி விரிசல் விடும் ஓசை.
ரொட்டியைத் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போடுவேன்.
பக்கத்தின் ஓரத்தில் வெண்ணெய் ரேகை;
நான் அங்கே இருந்ததற்கு
அது ஒன்றுதான் அத்தாட்சி.

ஆலை மூடும்வரை எடைமேடை என் பொறுப்பு.
மூன்று டன் காகித உருளையில்
ஐந்து கிலோ ஈரம் கூடியிருந்தால்
முள் நிற்பதற்குள் சொல்லிவிடுவேன்.

கூரைக்காரன் முன்பணம் கேட்டு வந்த அன்றுதான் தெரிந்தது.
பற்றவைப்பாளர் ஊர்ஹோவின் மனைவி சைமி
தன் உயிலில் கட்சி மண்டபத்துக்கு எழுதிவைத்த கூரை அது.
ரௌனோ சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தான்.
“இல்லை” என்றான்.
எது இல்லை என்று யாரும் கேட்கவில்லை.
வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.
அடுத்த சொட்டுவரை எல்லோரும் காத்திருந்தோம்.

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பது யூரோ.
மே தினத்தில் விற்ற எலுமிச்சை மது,
குலுக்கல் சீட்டு, ஹெர்ரிங் விருந்து,
வேலை போன பின்பும் நிற்காத சந்தா.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான்,
அதை ஊர் மன்னிக்கும்.
இவன் நக்கவில்லை.
கார் இல்லை, ஏரிக்கரையில் வீடில்லை,
அதே பழுப்பு மேல்கோட்டு, ஒரு பொத்தான் வேறு நிறம்.
பல்பொருள் அங்காடியில்
காலிப் பாட்டில் வாங்கும் இயந்திரத்துக்கும் வெளிவாசலுக்கும் நடுவே
பழங்கள் சுழலும் பெட்டி ஒன்று நிற்கும்.
அதன் வாயில் போட்டான், நாணயம் நாணயமாக.

நான் பார்த்திருக்கிறேன்.
இதை நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
பால் வாங்கித் திரும்பும்போது பார்த்திருக்கிறேன்,
செவ்வாய், வியாழன், மறுபடி செவ்வாய்.
தலையசைப்பான். தலையசைப்பேன்.
சில்லறை மிஞ்சியிருக்கும் என்று
என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன்.
செர்ரி, செர்ரி, எலுமிச்சை.

எட்டு மாதம், நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.
நகரசபையில் இரண்டு இடங்கள் போயின.
எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி செய்யவில்லை.
கதவைப் பிடித்து வழிவிட்டார்கள்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
அடுத்த மே தினத்தில் அவன் மனைவி மார்க்கெத்தா
வழக்கம்போல் சர்க்கரை வடைகள் பொரித்து வந்து வைத்தாள்.
ஊர்வலம் முடிந்தது, பித்தளை வாத்தியங்கள் உறைக்குள் போயின,
தட்டு நிறைந்தே இருந்தது.
நான் இரண்டு வாங்கினேன்.
ஒன்றை வாங்கியிருக்கலாம்;
இரண்டு என்றால் இரக்கம் என்று தெரிந்துவிடும்.
தெரிந்துவிட்டது.

வேறு ஆள் கிடைக்காமல்
பொருளாளர் பதவி என்னிடம் வந்தது.
ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் ஐம்பது யூரோ வருகிறது.
கடன் தீர அறுபத்தொன்பது ஆண்டாகும்;
அவனுக்கு வயது அறுபத்தெட்டு.
விவரக் கட்டத்தில் அவன் எழுதுவது: சந்தா.
நீக்கப்பட்டவனிடம் சந்தா வாங்க விதியில் இடமில்லை.
நான் ‘கூரை’ என்று பதிகிறேன்.

இந்த வசந்தம் கோப்பை நகர்த்தும் கை என்னுடையது.
புதிய தணிக்கையாளர் இல்தா மேகிபா,
முப்பது வருடம் பிரசவ அறையில் இருந்தவள்.
காப்பி வேண்டாம் என்றாள்.
“வங்கித் தாள்கள் எங்கே?”
மூன்று மணி நேரம். ரொட்டி காய்ந்தது.
கடைசியில் ஒரு வரியைச் சிவப்பால் வட்டமிட்டாள்:
இரண்டு யூரோ நாற்பது சென்ட், தபால்தலை,
நான் இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

காது சூடாயிற்று.
வீட்டுக்கு நடந்தபோது
மூச்சு எளிதாக வந்தது.
பழுப்பு மேல்கோட்டு ஒன்று தெருவின் அந்தப் பக்கம் போனது.
அவனுக்கு
முதல் இரண்டு யூரோ நாற்பதில்
யாரும் வட்டம் போடவில்லை.