ஏழரைச் சவரன், ஒரு கிராம்

ஹௌரா வண்டி காட்பாடிக்கு வந்தால்
எங்கள் லாட்ஜுக்கு ஆள் வருகிறது என்று பொருள்.
எக்ஸ்ரே கவர், மண்ணெண்ணெய் ஸ்டவ், பொரி மூட்டை,
நடுவில் ஒரு நோயாளி.
அன்று விடியலில் எனக்கும் ஒரு பார்சல் வந்தது.
பேண்ட்ரி பையன் கதவோரம் நின்று நீட்டினான்:
ஆப்பிள் அட்டைப்பெட்டி, ஆணியால் குத்திய பதினோரு ஓட்டை.
இருநூறை வாங்கிக்கொண்டு
"வழியில சத்தமே போடல சார்" என்றான்
நல்ல சேதி சொல்கிறவன்போல.

சன் கானூர். கையால் ஊட்டி வளர்த்த குஞ்சாம்.
தபன் சாஹா அனுப்பிய படத்தில்
எலுமிச்சம்பழத்துக்குத் தீ வைத்த நிறம்.
ஆறாயிரத்து ஐந்நூறு, முழுப்பணமும் முன்னாலேயே.
ரிசப்ஷனில் வைக்கலாம் என்றிருந்தேன்.
அங்கே எதைப் பார்த்தும் யாரும் சிரிப்பதில்லை.

மூன்றாம் பிளாட்பாரத்து டியூப்லைட்டில் திறந்தேன்.
மூலையில், தன் எச்சத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.
கண்ணை மூடியது.
திறக்கும் என்று
நின்றேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர்.
"ஆடு, மாடுன்னா சொல்லிடுவேன். எடையாவது போடுங்க."
அவருடைய தராசில் முள் அசையவில்லை.
அடகுக்கடை பிரவீண் சந்த்தான்
கண்ணாடிக் கதவை நகர்த்தி
தங்கம் வைக்கிற தட்டில் அதை வைத்தார்.
அறுபத்தொன்று.
பழக்கதோஷம், வாய்விட்டே சொன்னார்:
ஏழரைச் சவரன், ஒரு கிராம்.

தொண்ணூறாவது இருக்கவேண்டும் என்றது
தபன் சாஹாவே அனுப்பிய தாள்.
போனில் இந்தியில் கேட்டான்:
பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தாயா?
நடுவில் நிறுத்தாமல், ஒரே வீடியோவாக?
ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் மூடி,
இன்னொரு கை எனக்கு இல்லை என்றேன்.
நான் ஏற்றும்போது நன்றாகத்தான் இருந்தது என்றான்.
மதியம் செத்துப்போனது. படம் அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
பிறகு அவன் முகப்படமே காணாமல் போனது.

வங்காளத்திலேயே திட்டலாம் என்று பார்த்தால்
பதினெட்டு வருஷ ரிசப்ஷனில் நான் கற்றது
வலி, வெறும் வயிறு, மூத்திரம், நாளைக்கு, பயப்படாதே.
ஏமாற்றுக்காரனுக்கு அங்கே
சொல் தேவைப்பட்டதில்லை.

பதினான்காம் அறை ஷெஃபாலி மண்டல் தன் போனை எடுத்தாள்.
புதிய எண் என்பதால் அவனும் எடுத்தான்.
புருஷனின் சிறுநீரக ரிப்போர்ட்டுக்காகப் பன்னிரண்டு நாள்
வரிசை வரிசையாக நின்று
யாரிடமும் குரலை உயர்த்தாதவள்
மாடிப்படி அதிரக் கத்தினாள்.
ஒரு குஞ்சுக்கு அவ்வளவு வேண்டாம்.
நிறுத்தச் சொல்லவும் தோன்றவில்லை.

பிறகு குரல் தணிந்தது. ஏதோ கேட்டாள்.
அவன் நெடுநேரம் சொன்னான்.
கிரியேட்டினின் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது,
இரண்டு தரம்.

பாதி இந்தியும் பாதி கையுமாகச் சொன்னாள்:
இரண்டாயிரம் தருவான், அதற்கு மேல் பைசா இல்லை.
அவன் அம்மாவுக்கு வருகிற ஒன்பதாம் தேதி
இங்கே அப்பாயின்ட்மென்ட்.
நாள் வாடகை எவ்வளவு?
அந்த இரண்டாயிரத்தை அதில் கழித்துக்கொள்ளலாமாம்.
கீழ்த்தளமாக வேண்டுமாம். அம்மாவால் படியேற முடியாது.

மொட்டைமாடிச் செம்பருத்தித் தொட்டியில்
ஏற்கெனவே புதைத்தாயிற்று.
கூண்டு மட்டும் சாவிப்பலகைக்குக் கீழே,
விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.

ரெஜிஸ்டரில் ஒன்பதாம் தேதியைப் புரட்டி
அறை மூன்று என்று பென்சிலால் எழுதினேன்.
அந்த வண்டியும் விடியலில்தான் வரும்.
ஆட்டோவிலிருந்து அந்த அம்மாவை இறக்கும்போது
நிறுத்தாமல், ஒரே வீடியோவாக
எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன்.
நினைத்ததற்குச் சாட்சி கிடையாது.

முன்பணம் என்ற கட்டத்தில்
இரண்டாயிரம் என்று போட்டேன்,
பேனாவால்.