பின்னட்டை

தொண்ணூறு சொற்கள். அதற்குமேல் போனால்
விலைப்பட்டைக்கு இடமிருக்காது.
மோன்டேவிடியோவில் பதினாறு வருடமாக என் பிழைப்பு இது:
அடுத்தவர் எழுதிய புத்தகத்தின் முதுகில்
புகழ் எழுதுவது.

முதல் முப்பது பக்கம் படிப்பேன், கடைசிப் பத்து.
நடுவில் கிடப்பது
ஆசிரியருக்கும் பிழைதிருத்துபவருக்கும் உள்ள விவகாரம்.
'தவிர்க்க முடியாத குரல்' எப்போதும் கைவசம் உண்டு.
'மனசாட்சியை உலுக்கும்' வருடத்துக்கு நான்கு முறைதான்;
அதற்குமேல் உலுக்கினால் உதிர ஒன்றும் மிஞ்சாது.
கவிதை என்றால் 'மௌனம்' கட்டாயம்.

பதிப்பாளர் தெல்மீராவுக்கு என்மேல் குறையில்லை.
எல்லோரும் தங்களையே எழுதுகிறார்கள் என்பதுதான் குறை:
அம்மாவின் புற்றுநோய், அப்பாவின் இன்னொரு வீடு,
விவாகரத்துக்குப் பின் கடலில் நீந்தக் கற்றது.
"'நான்' என்ற சொல்லே இல்லாமல்
ஒருத்தராவது எழுத மாட்டார்களா?"

ஜூலைக் குளிரில் வந்து சேர்ந்தது
வாஷிங்டன் லுசார்டோவின் கட்டு.
(சிரிக்காதீர்கள். எங்கள் நாட்டில்
ரொட்டிக் கடைக்காரருக்கும் வாஷிங்டன் என்று பெயர் இருக்கும்.)
முப்பத்தோரு வருடம்
வீடு வீடாக எரிவாயு மீட்டர் கணக்கெடுத்தவர்.
நாவல் என்கிறார். கதை இல்லை.
கதவு திறந்ததிலிருந்து மீட்டர் வரைக்கும்
எத்தனை எட்டோ, அத்தனை எட்டில் கண்டது மட்டும்.
பிறகு ஓர் எண்.
பிறகு அடுத்த கதவு.

முப்பதும் பத்தும் முடித்து
எண்பத்திரண்டு சொல் எழுதியும் ஆயிற்று.
'நகரத்தின் ரகசிய வரைபடம்' என்றுகூட
எழுதியிருந்தேன், கடவுள் மன்னிக்கட்டும்.

அந்த வாரம் கொலோனியாவில் படகு ஓடவில்லை.
மூடுபனி. ஆற்றைக் காணோம்,
அவ்வளவு பெரிய ஆற்றை.
அக்கரையில் தங்கை வீட்டு விருந்து
நானில்லாமல் ஆறிக்கொண்டிருந்தது.
போன் செத்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி. ஏழு மணி நேரம்.
பையில் லுசார்டோ மட்டும்.

பக்கம் நூற்று நாற்பத்து மூன்று:

'பலேர்மோ. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
கதவு திறந்தே இருக்கும். பதினோரு எட்டு.
மேசையின் உடைந்த காலுக்கு அடியில் இரண்டு அகராதிகள்.
ஒரு பெண் படித்துக்கொண்டிருப்பாள். நிமிராமலே சொல்வாள்:
தொட்டிக்குப் பின்னால்.
ஒன்பது வருடம், இதே இரண்டு சொல்.
4417.'

வீடு திரும்பியதும் நடந்து பார்த்தேன்.
பதினொன்றுதான்.

முதலில் கோபம்.
என்னைக் கேட்காமல் என் அடுக்களையை எழுத இவன் யார்?
அதற்குப் பிறகு வந்ததற்கு
இன்னும் பெயர் வைக்கவில்லை.
வைத்தால் ஏதாவதொரு பின்னட்டையில் செலவழித்துவிடுவேன்.

ஆசிரியர் படம் வேண்டும் என்றேன்.
பழைய அடையாள அட்டைப் படம் வந்தது,
மூலையில் முத்திரையோடு.
விளக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தேன்.
மீசையை மனதுக்குள் மழித்துப் பார்த்தேன்.
தொப்பி மாட்டி, மழையில் நனைத்து,
என் கதவருகே நிறுத்திப் பார்த்தேன்.
யாரோ.

எண்பத்திரண்டையும் அடித்துவிட்டு
ஒரு வரி அனுப்பினேன்:
'இந்நூலாசிரியர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.'

தெல்மீரா அழைத்தாள்.
"மிரட்டல் கடிதம் மாதிரி இருக்கிறது.
மீதி எண்பத்தாறு எங்கே?
'தவிர்க்க முடியாத குரல்', அதையாவது போடேன்."

"முடிந்ததே," என்றேன்.
"ஒன்பது வருடம் தவிர்த்திருக்கிறேன்."

அவளுக்கு விளங்கவில்லை.
நூற்று நாற்பத்து மூன்று வரைக்கும்
அவளும் போயிருக்க மாட்டாள்.