யாருடைய வண்டு

பட்டர்வொர்த் முனையம், ஏழாம் வரிசை.
சீரக மூட்டைகள் நானூற்று இருபது.
கதவைத் திறந்ததும் முதலில் மணம் வந்தது,
யார் வீட்டிலோ ரசம் தாளித்த மாதிரி.
பிறகுதான் தையலோரம் அந்தத் தூசு.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
தூசு நடந்தது.

எள்ளைவிடச் சற்று நீளம், உடம்பெல்லாம் பழுப்பு மயிர்.
கப்ரா என்று எழுத வந்த கையை நிறுத்தி
‘சந்தேகம்’ என்று எழுதினேன்.
ஆய்வகம் வாய் திறக்கும்வரை
எங்கள் தாளில் எந்தப் பூச்சிக்கும் பெயர் கிடையாது.

இரவு பத்தரைக்குள் வாட்ஸ்அப் குழுவில் பதினேழு பேர்.
பெட்டி எங்கள் பொறுப்பு, என்றார் சுங்கத்தின் ஹாஸ்லினா.
பூட்டுதான் உங்களுடையது, பெட்டி கப்பல்காரனுடையது,
என்றார் முனையத்தின் லிம் சூன் ஹெங்.
அடியில் கிடக்கும் மரத்தட்டு வேறு துறையாம்.
உள்ளே இருப்பது உணவு,
ஆகவே சுகாதாரத்துக்கும் ஒரு பிரதி.
வண்டு எனக்கு.

சரி, அந்த வண்டு பெட்டியை விட்டிறங்கி
தார்த்தரையில் நாலடி நடந்தால் யாருடையது?
கேட்டேன்.
நீலக் குறிகள் இரண்டிரண்டாய் ஊர்ந்து வந்தன.
பதில் வரவில்லை.

முகவர் தணிகாசலம் ஐந்தாம் முறை அழைக்கிறார்:
“தீபாவளிக்கு மூணே வாரம் மேடம்,
கடைக்காரங்க என்னைத் தாளிச்சிடுவாங்க.”

நள்ளிரவில் திரைவழிக் கூட்டம்.
புத்ராஜெயாவிலிருந்து ஒருவர்
ஒருங்கிணைப்பு என்ற சொல்லை எட்டு முறை சொன்னார்.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
என் மேசைக் குப்பிக்குள் அதற்குள்
அது ஒரு சட்டையை உரித்துப் போட்டிருந்தது.

தின்னக் கிடைக்காவிட்டால்
ஏதோ ஒரு பிளவில் ஒடுங்கி
வருஷக்கணக்கில் கிடக்குமாம்.
அந்தப் பொறுமை எங்களில்
கோப்புகளுக்கு மட்டும் உண்டு.

எப்படியோ மோப்பம் பிடித்து நாளிதழிலிருந்து ஒரு தம்பி:
“தமிழ்ல என்ன போடட்டும்?
வந்தேறி வண்டுன்னு போட்டா தலைப்பு நல்லா நிக்கும்.”
பிறையில் பிறந்து
பிறையிலேயே பள்ளிக்கூடம் போனவள் நான்.
அந்தச் சொல்லின் மலாய் வடிவம்
ஐந்தாம் வகுப்பில் என் மேசையில் சாக்கட்டியால் எழுதியிருந்தது.
“வண்டுன்னே போடுங்க,” என்றேன்.
“வண்டுக்கு அது போதும்.”

மணி இரண்டு நாற்பது.
அனுமதி இன்னும் யார் பெட்டியிலோ படிக்கப்படாமல்.
புகைபோடும் குழுவின் ரஃபிகுல்
யாரும் சொல்லாமலே
கதவின் இடுக்கெல்லாம் டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்,
குழந்தைக்குப் போர்வை செருகுவதுபோல, நாலு பக்கமும் அழுத்தி.
அதைப் பார்த்த பிறகுதான்
ஹாஸ்லினா காரின் முன்மூடிமேல் படிவத்தை விரித்தாள்.
கையெழுத்துக்குக் கட்டம் ஒன்றே ஒன்று.
நாங்கள் நால்வர்.
ஒருவர் பெயரின் வால்மேல் இன்னொருவர் பெயர் ஏற,
லிம்முக்குக் கிடைத்தது ஓரம்தான்.
“சட்டப்படி இது செல்லுமா?”
“விடிஞ்சா கேட்டுக்கலாம்.”

கூடாரத் துணி மெல்ல உப்பி எழுந்தது.
அப்பால் பாலத்தின் விளக்குகள்,
முதல் பெர்ரிக்கு இன்னும் நேரமிருந்தது.
நாலு துறையும் ஒரே பொட்டலத்து நாசி லெமாக்கை
நின்றுகொண்டே தின்றோம்.

அப்போதுதான் லிம் விரலை நக்கியபடி கேட்டார்:
இதோடு ஒட்டி நின்ற இன்னொரு பெட்டி?

நேற்று மாலையே ஈப்போவுக்கு.

யாரோ பேராக்கைக் குழுவில் சேர்த்தார்கள்.
இருபத்து மூன்று பேர்.
நான் காலுறையைக் கழற்றி
தையலைத் தையலாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.