ஏழாவது சொல்

கொள்ளுப்பிட்டியில், ரயில் போனால் யன்னல் அதிரும்
ஐந்தாம் மாடி வீடு.
மெனாஹெம் ஆட்களை எண்ணுகிறார்.
ஒன்று, இரண்டு என்று மனிதரை எண்ணக் கூடாதாம்.
பத்துச் சொல்லுள்ள பழைய வரியொன்றை
ஆளுக்கொரு சொல்லாக விரல் நீட்டிச் சொல்லிப் போகிறார்.
பெண்களையும் சேர்த்துத்தான்.
ஆள் குறைந்த ஊரில் சட்டம் கொஞ்சம் இளகலாம் என்று
ஃப்ரீடா எப்போதோ வாதாடி வென்ற விஷயம் அது.

கொரோனாவுக்கு முன் கூடியபோது
வரி முழுதாக முடிந்ததாம்.
இன்று ஏழாவது சொல்லில் நின்றது.
மிச்ச மூன்றையும் அவர் விழுங்கினார்,
தண்ணீர் இல்லாமல் குளிசை விழுங்குகிறவர் மாதிரி.

என்னை எண்ணவில்லை. சரிதான்.
நான் பம்பலப்பிட்டியில் பாமசி வைத்திருப்பவன்.
பத்துப் பேர் இல்லாமல்
அந்தப் பிரார்த்தனையைச் சொல்ல முடியாது,
கதைப்பதற்குக் கணக்கில்லை, நீங்களும் கதையுங்கள் என்றார்கள்.

நாஜி ஷோஹெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு.
மாணிக்கக்கல் தரகர்.
மூன்று மாதத்துக்கொருமுறை இரண்டு பற்தூரிகை வாங்குவார்,
ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.
மனைவி போய்ப் பதினொரு வருடம் என்று
இன்றுதான் அறிந்தேன்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ரயிலொன்று பாணந்துறைப் பக்கம் போனது.

எலியாஸ் ஹலேகுவா கொச்சியில் பிறந்தவர்,
கோட்டையில் கப்பல் கம்பனிக் கணக்கர்.
தமிழில் பேரம் பேசி, தோற்றால் மலையாளத்தில் ஏசுவார்.
சனிக்கிழமை காசு தொடமாட்டார்.
வெள்ளி பின்னேரமே தந்துவிட்டு
ஞாயிறு காலையில் மிச்சம் கேட்பார்,
ஐம்பது சதம் குறையாமல்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் காலி வீதியே வரிசையாய் நின்ற வருடம்
அவருடைய இன்சுலின் எங்கும் இல்லை.
இல்லை என்று நான் சொன்னது ஒரு நாளல்ல,
நாலு நாள்.
பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று
குளிர்பெட்டியைத் திறந்து காட்டினேன்.
கரண்ட் இல்லாமல் உள்ளே இருட்டு,
ஒரு போத்தல் தண்ணீர்.
"பரவாயில்லை, நாளைக்கு வாறன்."
ஐந்தாம் நாள், கடை பூட்டும் நேரம் தாண்டியும்
ஷட்டரைப் பாதியில் விட்டு நின்றேன்.

இதை அங்கே சொன்னேன்.
அவர் மகள் நெஹாமா
என் தட்டில் இன்னொரு பிஸ்கட் வைத்தாள்.
மன்னிப்பா, உபசாரமா,
கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

ஃப்ரீடாவை எல்லாரும் கடைசிக்கு வைத்திருந்தார்கள்.
இரண்டு வயதில் வியன்னாவிலிருந்து கப்பலில் வந்தவர்.
கின்ரோஸ் கரையில், வெள்ளவத்தைப் பிள்ளைகள் அரைவாசிப் பேருக்கு
நீச்சல் பழக்கியவர். என் மகளுக்கும்.
கடல் தூக்கும், நீ சண்டை பிடிக்காதே என்பார்.
பிறஷர் குளிசை வாங்க வந்த ஒரு நாள்
உங்கள் சித்திமார் எங்கே என்று கேட்டுவிட்டேன்.
விரலை மேலே காட்டினார்.
சொர்க்கம் என்று நினைத்துத் தலையாட்டினேன்.
"புகைபோக்கி" என்றார்.

கொரோனாவில் போனார்.
அந்த மாதங்களில் எல்லா உடலுக்கும் ஒரே விதி.
மண் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வருமுன்
எரித்து முடித்திருந்தார்கள்.

என் அப்பாவுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன்.
எங்களுக்கு அது வழியனுப்புதல்.
அதே நெருப்பு
ஆளைப் பார்த்து வேறு பாஷை பேசும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

வாசலில் ஒரு கிண்ணம், கூழாங்கற்கள்.
பூ வைப்பதில்லையாம், கல்லறையில் கல்தானாம்.
நாளைக்குக் கனத்தைக்குப் போகிறவர்கள்
நாஜிக்கு ஒன்று எடுத்தார்கள், எலியாஸுக்கு ஒன்று.
மூன்றாவதை நெஹாமா என் கையில் தந்தாள்.
எங்கே வைப்பது என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

கடையில் மின்விசிறி மூன்றில் சுற்றுகிறது.
மருந்துச் சீட்டுக் கட்டின் மேல்
அது இருக்கிறது.
அவசரத்தில் யாராவது தூக்கினால்
திருப்பி அதே இடத்தில் வைக்கச் சொல்கிறேன்.