மைலோ டப்பா

பகாவில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
செம்பனை ஆலைப் புகை
ஜன்னல் கம்பியில் பிசுக்காய்ப் படிந்திருக்கிறது.
தேர்வுக்குப் பதினெட்டு நாள்.

தூக்கம், பசி, குற்ற உணர்ச்சி,
பிறகு குரல் தாழாமல்
சாகத் தோன்றுகிறதா.
குளிக்கும்போதும் சொல்லிப் பார்க்கிறேன், ஆங்கிலத்தில்.

கிளினிக்கில் யாரும் இந்த வரிசையில் வருவதில்லை.
நேற்று குலை வெட்டும் வீரபத்திரனிடம்
"பசியாறிட்டீங்களா" என்றேன்.
"ஆறிட்டேன் டாக்டர், வாய்க்குத்தான் தெரியல."
மதிப்பெண் தாளில் பசிக்கு ஒரு கட்டம் உண்டு.
அந்த வாயை அதில் எங்கே வைப்பது?

இன்றிரவு தாதி ஹஸ்லினா நோயாளி.
கதை தாளில் இருக்கிறது:
நாற்பது வயது, வேலை போனவள், மூன்று வாரமாய்த் தூக்கமில்லை.
எனக்கு ஏழு நிமிடம்.
சில இடங்களில் மிகை நடிப்பு,
இருவரும் சிரித்தோம்.

ஆறாவது நிமிடம்:
வீட்டில் மாத்திரை ஏதும் சேர்த்து வைத்திருக்கிறீர்களா?
"இல்லை" என்று சொல்ல வேண்டும்.
"மைலோ டப்பாவில்" என்றாள்.

தாளில் மைலோ டப்பா கிடையாது.

கைப்பேசி மணி அடித்தது.
விதிப்படி நான் நன்றி சொல்லி எழ வேண்டும்.
கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்,
நிறுத்தினார்கள்,
மறுபடி அடித்தார்கள்.
ஹஸ்லினா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளைக் கவிழ்த்தேன்.
நாற்காலியை அவள் பக்கம் இழுத்து
முதன்முறையாக மலாயில் கேட்டேன்,
இது எல்லாம் முடிந்த கதையா, ஹஸ்லினா?

"பெலும்" என்றாள்.
இன்னும் இல்லை.