பொறுப்பு

பூங்காப் பிரிவுக்குத் தலைமை இல்லாமல் பதினோரு மாதம்.
சடகோபன் சார் திருப்பூருக்கு மாறிப் போனார்,
குடையை மறந்து.
குடை இன்னும் பீரோவுக்குப் பக்கத்தில்.
சேலத்து வெயிலுக்கு எடுக்கத் தோன்றும்.
அவர் சொத்தா அலுவலகச் சொத்தா என்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை; எடுப்பதில்லை.

சாவிக்கொத்து என்னிடம் வந்தது.
நாற்பத்தியொரு சாவி.
கையெழுத்துக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் ஒரு 'பொ'.
பொறுப்பு என்று அர்த்தம்.
எனக்கு அது 'பொறு' என்றே கேட்கும்.
ஊஞ்சல் சங்கிலி அறுந்தது என்று
அம்மாப்பேட்டையிலிருந்து மனு வருகிற நாளில்
'பொய்' என்றும்.

நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை,
மூன்று மணி ராகு காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற
வாய்மொழி உத்தரவோடு.
ஏழு பேர்.
பெஞ்சில் வரிசையாக, மடியில் கோப்போடு.
ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை
எட்டாவது ஆள் மாதிரி
சான்றிதழ் ஒன்றும் கொண்டுவராமல் உட்கார்ந்திருந்தது.

முதல் ஆள் மடிக்கணினியில் பூங்காக்களைப் பறந்து காட்டினார்.
மேலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் இவ்வளவு பச்சையா?
அடுத்தவர் ஏற்காட்டு மலர்க்காட்சிக்குப் பூவால் மயில் செய்தவர்.
கழுத்துக்கு மட்டும் நாலாயிரம் ரோஜா என்றார்,
கண் கலங்கியது அவருக்கு.
ஒருவர் முனைவர்.
வெள்ளைக்கல் மண்ணில் என்ன வளரும் என்று கேட்டதற்குப்
பத்து நிமிடம் லத்தீன் வளர்த்தார்.
இன்னொருவர் ஒன்றுமே பேசவில்லை,
ஒரு கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் புன்னகைத்தார்.

ஆறாவது, சௌடேஸ்வரி. தாரமங்கலம்.
கேள்விக்குக் காத்திருக்காமல் அவரே கேட்டார்:
"காலைல பத்து மணிக்குப் பூட்டி
சாயங்காலம் நாலு மணிக்குத் தெறக்கறீங்களே,
நடுவுல இருக்கற நிழல் யாருக்கு?"
குழு என்னைப் பார்த்தது.
நான் கோப்பைப் பார்த்தேன்.
தொண்ணூற்று நாலாம் வருடத்துச் சுற்றறிக்கை
அதற்கு முந்தைய சுற்றறிக்கையைக் கைகாட்டியது.
அது கோப்பில் இல்லை.
"ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டினவங்க வீட்ல
பகல்லயும் தறி ஓடும் சார்."
அவ்வளவுதான்.
தலைவர் தண்ணீர் குடித்தார்.
நாற்பதுக்கு ஒன்பது மதிப்பெண்.

தகுதியானவர் எவருமில்லை. மறுவிளம்பரம் செய்க.

மறுநாள் பன்னிரண்டரைக்கு
சாப்பாட்டுப் பையோடு அம்மாப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்,
யாராவது கேட்டால்
ஊஞ்சல் சங்கிலி என்று சொல்லத் தயாராக.
முப்பத்தாறாம் சாவி
துருவுக்குள் பாதி திரும்பி நின்றுகொண்டது.
சுவரோரமாக நடந்தேன்.
அங்கே செங்கல் அடுக்கியிருந்தது, படியாக,
கொத்தனார் கை பட்ட நேர்த்தியில்.
மேல் கல்லில் செருப்புத் தேய்ந்த வழவழப்பு.
ஏறி எட்டிப் பார்த்தேன்.

புங்கமரத்தடியில் பதிமூன்று பேர்.
சட்டையைக் கழற்றி முகத்தில் போட்டுக்கொண்டு,
காது முடியில் பஞ்சு ஒட்டியிருக்க.
சருகைக் கூட்டி ஓரமாகக் குவித்திருந்தது,
யார் கூட்டியது என்று எந்த வருகைப் பதிவிலும் இருக்காது.
ஒருவர் விழித்தார்.
என் கழுத்து அட்டையைப் பார்த்து எழப் போனார்.
படுங்க, என்று கையைக் காட்டினேன்.
சுவருக்கு மேலே என் தலை மட்டும் இருந்ததால்
அந்தக் கை அவருக்கு எப்படித் தெரிந்ததோ,
படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மறுவிளம்பரம் தட்டச்சு செய்தேன்.
கல்வித் தகுதி பழையபடி. வயது வரம்பு பழையபடி.
விரும்பத்தக்க தகுதி என்ற இடத்தில்
'சுவர் ஏறத் தெரிந்திருத்தல்'
என்று அடித்துப் பார்த்துவிட்டு அழித்தேன்.
ஒரு பிரதியை உறையிலிட்டு
தாரமங்கலம் முகவரியைக் கையால் எழுதினேன்.
தபால் தலை என் காசு.

பிறகு
பூட்டுக்கு எண்ணெய், ஒரு டப்பா,
என்று தேவைப்பட்டியல் போட்டேன்.
கையெழுத்துக்குக் கீழே (பொ).