வயது வராதவர்

நாற்பத்தோரு பக்கம்.
பிள்ளைதான் வாட்ஸப்பில் அனுப்பியது,
கூட ஒரு வார்த்தை சேர்க்காமல்.
ரூவியில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுகிறது.
பதினாறு வருடம் டைப்பிங் சென்டர் நாற்காலியில்
நான் கற்றது ஒன்றுதான்:
எந்தத் தாளையும் பின்னாலிருந்து படி.
அபராதம் எவ்வளவு, அமலுக்கு வரும் நாள் எது,
விதிவிலக்கு யாருக்கு.

மசோதா இந்த ஊருடையது இல்லை.
இந்த ஊரில் இதைத் தடுக்கவேண்டும் என்றுகூட
யாரும் பேசி நான் கேட்டதில்லை.
எங்கள் ஃபைல் மூன்று வருடமாய்க் காத்துக்கிடக்கும்
குளிர்நாட்டுடையது.
மச்சினி அங்கே டாக்டரை விசாரித்தும் வைத்துவிட்டாள்.
பதினெட்டுக்குக் கீழே ஊசி இல்லை, மாத்திரை இல்லை,
எழுதித்தருபவரின் உரிமம் போய்விடும்.
பக்கம் முப்பத்தெட்டு.
அமலுக்கு வரும் தேதி மட்டும் காலி.

மைனர் என்கிறது வரைவு.
எங்கள் பக்கம் மைனர் என்றால்
சில்க் ஜிப்பா, புலிநகச் சங்கிலி, புல்லட் சத்தம்.
தனியாய் உட்கார்ந்து சிரித்தேன்.
அரபியில் என்றால் கை தானாய் அடித்திருக்கும்.
தமிழில்தான் விரல் நின்றது:
வயது வராதவர்.

வயதுக்கு வந்தாயிற்றே.
பதினொன்றரையில், ஸ்கூல் பஸ்ஸில்,
வாதி கபீர் ரவுண்டானா திரும்பும்போது.
இசக்கி போன் செய்தாள்,
அழுகையா சிரிப்பா தெரியாத குரலில்.
கார்கோவில் பட்டு வந்தது.
வீடியோவில் இருபத்தேழு சொந்தம்,
சிக்னல் விட்டுவிட்டு வந்த குலவை.
நடுவில் பிள்ளை
பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி,
உதட்டை மூடி, நேரே பார்த்து.

உடம்பு டோக்கன் எடுத்து வரிசையில் நிற்கவில்லை.
இன்னும் நாலு வருடம் மூன்று மாதம் என்கிறது சட்டம்.
என் கணக்கில் இரண்டு விசா புதுப்பித்தல்.
பிள்ளையின் கணக்கு எனக்குத் தெரியாது.
நாற்பத்தாறு டிகிரியில்
மார்பை இறுக்கிய துணி, அதன்மேல் சட்டை,
அதன்மேல் இன்னொரு சட்டை.
இசக்கி அவற்றைத் துவைத்துப்போட்டு
ஒன்றும் கேட்காமல் இஸ்திரி போடுகிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்.
பக்கம் ஆறில் இருப்பது என் பயம், வரி மாறாமல்:
பின்னாளில் வருந்த நேரிடலாம்.
போன நோன்பு மாதம் நானே கேட்ட கேள்வி.
தட்டிலிருந்து தலை தூக்காமல் பதில் வந்தது:
"இப்ப வருந்துறது கணக்குல வராதாப்பா?"
மீன் முள்ளை எடுப்பதுபோல் ரொம்ப நேரம்
எதையோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

பொதுமக்கள் இருபதாம் தேதிவரை கருத்துச் சொல்லலாமாம்.
திறந்தேன். எனக்குப் பாரம் புதிதா.
பெயர். தொழில். உங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு.
அந்தக் கட்டத்தில் 'தகப்பன்' அடித்தேன், அழித்தேன்,
திரும்ப அடித்தேன்.
அஞ்சல் குறியீடு: 112.
சிவப்பாய் மறுத்தது.
உள்நாட்டு முகவரி கட்டாயம்.
பத்தாக்கா எண்ணைப் போட்டுப் பார்த்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.

ஆறு மாதமாய் வினைச்சொற்களைப் பாதியில் விழுங்குகிறேன்.
வந்தா... சாப்பிட்டா...
பக்கத்து ஃபிளாட்காரர் எனக்குப் பல்வலி என்று நினைக்கிறார்.
"ஒரு எழுத்துதானேப்பா," என்று சொன்னது பிள்ளை.
பூவரசி. கடைசியில் மேல்விலங்கைக் கழற்றிவிட்டு
ஒரு இறங்குகீற்று.

ஏப்ரலில் பள்ளி திறக்கிறது.
நோட்டுகளுக்கு லேபிள் அடிக்கணும்.
பத்தும் ஆங்கிலம், பள்ளிப் பதிவில் உள்ளபடி.
தமிழ் நோட்டு ஒன்றே ஒன்று.
அதற்கு அடித்தேன்: பூவரசு.
கணினி அடியில் கோடு போடவில்லை,
அது ஏற்கெனவே ஒரு மரத்தின் பெயர்.
பிரிண்டரில் மை குறைவு, கடைசி எழுத்து வெளிறித்தான் வந்தது.
இன்னொரு தாள் வைத்தேன்.